கத்திரிக்காய்ப் படைக்குச் சாயம் போட்ட லெயோந்தின்

நானூற்று எண்பது. இந்த எண்ணை மறக்காதீர்கள். நானூற்று எண்பது சட்டைகள். எல்லாம் நீலம்.

மொர்சாங் கம்பெனி போன வருஷம் தன் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டது. வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் படம். முதல் தலைச்சாயம் இருக்கிறது, முதல் முகப்பவுடர் இருக்கிறது, முதலாளி ஓக்தாவ் மொர்சாங் இளைஞனாகச் சாயக் குடுவையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் இருக்கிறது. ஜெர்மன்காரன் பாரிஸில் உட்கார்ந்திருந்த நான்கு வருஷத்துக்கு ஒரே ஒரு வரி: ‘கடினமான ஆண்டுகள்.’ யாருக்குக் கடினம் என்று எழுதவில்லை. சட்டைகளைப் பற்றியும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

அந்தச் சட்டைகளுக்குச் சாயம் போட்டவள் லெயோந்தின் வாசேர். பாரிஸ் ஓரத்து ஓபர்வில்லியேவில் கால்வாய்க்கு அந்தப் பக்கம், எலும்பு காய்ச்சுகிற கொட்டகைக்குப் பின்னால், மூன்றாவது மாடியில் இன்றும் இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்றாள். விரல் நகங்கள் இன்னும் பழுப்பு. இருபத்தேழு வருஷம் தலைச்சாயத்தில் கை விட்டால் அப்படித்தான்.

வடக்கே ரூபே ஊர்க்காரி. அப்பா அங்கே துணிச்சாயப் பட்டறையில் வேலை பார்த்தவர். பஞ்சாலைகள் மூடியபோது இவளும் புருஷனும் பாரிஸ் பக்கம் வந்தார்கள். புருஷன் ரயில்வே யார்டில் பெட்டி இணைக்கிற வேலை. ஒரு நாள் இரண்டு பெட்டிக்கு நடுவில் மாட்டிக்கொண்டான். கையில் ரெமி என்று ஒரு பையன், ஐந்து வயது. அடுத்த வாரமே மொர்சாங் வாசலில் போய் நின்றாள். சாய அறையில் போட்டார்கள். வாயாடி அல்ல. நான் நடத்துகிற சங்கக் கூட்டத்துக்கு வருவாள், கடைசி பெஞ்சில் உட்காருவாள், காலுறை தைத்துக்கொண்டே கேட்பாள். நான் பேசி முடித்ததும் பக்கத்தில் வந்து, “இன்னிக்குப் பாதி நல்லாருந்துச்சு” என்பாள். எந்தப் பாதி என்று சொல்லமாட்டாள்.

மொர்சாங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் முட்டாள் அல்ல. ரொட்டிக்கடைக்காரன் மகன், பின்கட்டுச் சமையலறையில் சாயம் காய்ச்சிக் கோடீஸ்வரன் ஆனவன். ஆலையை ‘நம் குடும்பம்’ என்பான். திங்கட்கிழமை காலையில் எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தி ஒலிபெருக்கியில் பேசுவான். வேலைநிறுத்தம் ஒரு நோய், சங்கம் அதன் கிருமி, வலுவான ஒரு தலைவன் வந்தால்தான் நாடு உருப்படும். போருக்கு முன்னாலிருந்தே இதே பாட்டு. ஜெர்மன்காரன் வந்ததும் பாட்டுக்குத் தாளம் கிடைத்தது.

அப்போது ‘எழுச்சிப் படை’ என்று ஒன்று கிளம்பியது. நீலச் சட்டை, இடுப்பில் பட்டை, கையில் தடி. ஜெர்மன்காரனுக்கு வாலாட்டுவது, யூதர் கடைக் கண்ணாடியை உடைப்பது, எங்களைப் போன்ற சங்கத்துக்காரர்களைக் காட்டிக்கொடுப்பது. இவர்களுக்குப் பாரிஸில் கூட்டம் போட இடம் கொடுத்தது மொர்சாங். அவனுடைய தலைமை அலுவலகத்தில், முகப்பவுடர் டப்பாக்களைக் காட்சிக்கு வைத்திருந்த கூடத்திலேயே. பணமும் அவன்தான் கொடுத்தான். மேடையேறிப் பொருளாதாரம் பேசினான். இதெல்லாம் ரகசியம் இல்லை. போஸ்டரில் அவன் பெயர் ஒட்டியிருந்தது.

ஆனால் இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நான் ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிற நோட்டீஸ்காரன் ஆகிவிடுவேன். ஆலைக் கேன்டீனில் மதியம் சூப் கொடுத்தான். தொழிலாளர் பிள்ளைகளுக்கும் கொடுத்தான். மற்ற ஆலைகளில் டர்னிப் வேகவைத்த தண்ணீர் கொடுத்தபோது இங்கே கரண்டி நிற்கிற சூப். ஸவ்வா மலையில் நெஞ்சு பலவீனமான பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடத்தினான். ஆலைப் பெண்கள் அதை மறக்கவில்லை. மறக்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

1941 கோடையில் எழுச்சிப் படை பெரிய அணிவகுப்பு ஒன்றுக்கு ஏற்பாடு செய்தது. ஜெர்மன் அதிகாரிகள் மேடையில் இருப்பார்கள். வெள்ளைப் பருத்திச் சட்டை கிடைத்துவிட்டது, நீலச் சாயம் போட ஆளில்லை. துணிச்சாயப் பட்டறைகள் நிலக்கரி இல்லாமல் மூடிக்கிடந்தன. மொர்சாங்குக்குத் தலைக்கனம். “பிரான்ஸிலேயே சாயத்தில் என்னை மிஞ்ச ஆள் இருக்கிறானா? என் ஆலைக்கு அனுப்புங்கள்” என்று வாங்கிவிட்டான். கூந்தலுக்கும் பருத்திக்கும் வித்தியாசம் உண்டு என்று ஆலை வேதியியலாளர் பயந்துபயந்து சொன்னாராம். “அதற்குத்தானே உனக்குச் சம்பளம்” என்றானாம்.

வேதியியலாளர் கெட்டிக்காரர்தான். நீலத்துக்கு வழி செய்தார். ஒரு நிபந்தனை: கொதிக்கிற சாயத்தில் உப்பைத் தாராளமாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் நிறம் நூலில் பிடிக்காது. மாதிரிக்குப் பன்னிரண்டு சட்டைகள் போட்டுப் பார்த்தார், அலசினார், தேய்த்தார், ஒரு துளி ஓடவில்லை. திருப்தியாக மாடிக்குப் போனார். கீழே சாய அறையில் மீதிச் சட்டைகளும், மூட்டைமூட்டையாக உப்பும், ஏழு பெண்களும், மேஸ்திரி கொரந்தேன் மெனெஸும்.

அந்த வருஷம் உப்பு எப்படி இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ரேஷன் கூப்பன் இருக்கும், கடையில் உப்பு இருக்காது. உப்பில்லாமல் முட்டைக்கோஸ் ஊறப்போட முடியாது, ஊறப்போடாவிட்டால் குளிர்காலத்துக்குத் தின்ன ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் மூட்டையைப் பிரித்து, வெள்ளைவெளேர் என்ற உப்பை, தடியன்கள் சட்டைக்காகக் கொப்பரையில் கொட்டச் சொன்னால்?

லெயோந்தின் அளவுச் சட்டியில் உப்பை அள்ளினாள். கொப்பரைக்கு மேலே பிடித்தாள். கவிழ்க்கவில்லை.

பக்கத்துக் கொப்பரையில் ஃபெர்னாந்த். பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த வாய். அவள்தான் பிறகு எனக்கு இதைச் சொன்னாள்.

“என்னடி ரூபேக்காரி, பூசை பண்றியா? கொட்டு.”

“இதக் கொட்டலன்னா என்ன ஆகும் தெரியுமா?” என்றாள் லெயோந்தின்.

“சாயம் பிடிக்காது.”

“பிடிச்ச மாதிரி இருக்கும். காய்ஞ்சா நல்லா பளபளன்னுகூட இருக்கும். நனையுற வரைக்கும்.”

ஃபெர்னாந்த் கொப்பரையைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள். “எங்க வீட்ல ரெண்டு பீப்பா முட்டைக்கோஸ் நறுக்கி வெச்சிருக்கேன், உப்புக்கு வழியில்லாம” என்றாள்.

“எனக்கு ஒரு பீப்பா போதும்.”

அவ்வளவுதான் சதியாலோசனை. உப்பு சாப்பாட்டு டப்பாவுக்குப் போனது, காலுறைக்குள் போனது, மார்புக்கச்சைக்குள் போனது. ஏழு பேரும் செய்தார்கள். கொரந்தேன் மேஸ்திரி பார்த்தான். மேற்குப் பிரான்ஸின் பிரித்தானி மாகாணத்துக்காரன், ஐம்பதை நெருங்குகிறவன், குடும்பம் இல்லாதவன், அதிகம் பேசாதவன். திறந்து கிடந்த மூட்டையைக் காலால் பெண்கள் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு பைப்பில் புகையிலை அடைத்தான். சாயந்திரம் வாசலில் டப்பாக்களைச் சோதிக்க வேண்டியவனும் அவன்தான். ஒவ்வொரு டப்பாவாகத் தூக்கிப் பார்த்தான்.

“என்னம்மா இது, இன்னிக்கு எல்லாரோட சூப்பும் மிஞ்சிப்போச்சா?”

“பசியில்ல மேஸ்திரி” என்றாள் ஃபெர்னாந்த்.

“உனக்கா? சரி சரி. பாத்து நட. குலுங்கினா சத்தம் வருது.”

அணிவகுப்பு நாள் வெயிலோடுதான் ஆரம்பித்தது. நீலச் சட்டைகள் கச்சிதம். அதிகாரிகள் கைதட்டினார்கள். மொர்சாங் மேடையில் இரண்டாம் வரிசை. நடு வழியில் இடி. அப்புறம் கோடைமழை, சட்டியில் பிடித்து ஊற்றுகிற மாதிரி. நான் அன்று தெருவில் இருந்தேன், தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டு. முதலில் கழுத்து நீலமானது. பிறகு கை. பிறகு வெள்ளைக் கையுறை. முகத்தைத் துடைத்தவன் முகமெல்லாம் ஊதா. கால்சட்டை வழியாக ஓடித் தெருக்கல்லில் நீல ஆறு. வலதுகையை நீட்டி வணக்கம் வைத்தவர்களின் முழங்கையிலிருந்து சொட்டியது. மேடையில் ஒரு ஜெர்மன் அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான், தோள் குலுங்கியது. ஒரு மாடி ஜன்னலிலிருந்து யாரோ, “கத்திரிக்கா! கத்திரிக்கா கிலோ என்ன விலை?” என்று கத்தினார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அவர்கள் எந்தத் தெருவில் வந்தாலும் கத்திரிக்காய்ப் படைதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள்வரை. ஒரு படையைப் பார்த்து ஊர் சிரித்துவிட்டால் அந்தப் படைக்கு ஆள் சேர்வது கஷ்டம். நாங்கள் ஒரு வருஷம் அடித்த நோட்டீஸ் அந்த மழை செய்ததில் கால்வாசி வேலைகூடச் செய்யவில்லை.

மறுநாள் மொர்சாங் சாய அறைக்கே இறங்கி வந்தான். கூடவே எழுச்சிப் படைத் தடியன்கள் நான்கு பேர், ஒருவன் காது மடலில் இன்னும் நீலம்.

“என் ஆலையில், என் குடும்பத்தில், யார் செஞ்சது இது?” என்று கத்தினான். “அஞ்சு நிமிஷம் தர்றேன். சொல்லலன்னா ஏழு பேரும் இவங்ககூடப் போவீங்க.”

லெயோந்தின் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு ஓர் அடி எடுத்து வைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் கொரந்தேன் பைப்பை வாயிலிருந்து எடுத்தான்.

“நான்தாங்க ஐயா. உப்ப அளந்தது நான். பொம்பளைங்க நான் கொடுத்தத போட்டாங்க.”

மொர்சாங் அவன் கன்னத்தில் அறைந்தான். எல்லோரும் பார்க்க. பிறகு தடியன்களிடம், “கொண்டுபோங்க” என்றான். ஜெர்மனிக்கு, எஸ்ஸென் ஊருக்கு, கட்டாய வேலைக்கு அனுப்பினார்கள். 1943-ல் ஒரு குண்டுவீச்சில் செத்துப்போனான். ஓர் அட்டை வந்தது. ஆலையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. லெயோந்தின் அன்றைக்கு மட்டும் சூப் வாங்கவில்லை.

பாரிஸ் விடுதலையானது. பெண்களை மொட்டையடித்தார்கள், ஜெர்மன் சிப்பாயோடு படுத்தாள் என்று. கத்தரிக்கோலுக்கு உடனே ஆள் கிடைத்தது. முதலாளிகளுக்குக் குழு போட்டார்கள். எதிரிக்குத் துணை போனவர்களை விசாரிக்கும் குழு, சட்டப்படி, நிதானமாக. மொர்சாங் தப்பித்துவிட்டான், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரிய வக்கீல், பெரிய இடத்து நண்பர்கள், தள்ளுபடி. அந்தக் கதை எல்லா ஊரிலும் நடந்தது. இங்கே நடந்தது வேறு.

அவனுக்குத் தப்பித்தால் போதவில்லை. பதக்கம் வேண்டுமாம். எதிர்த்துப் போராடியவர்களுக்குக் கொடுக்கிற பதக்கம்.

வக்கீல் கட்டிய கதை இது: ஓக்தாவ் மொர்சாங் எழுச்சிப் படையோடு வெளியில் குலாவியது வேஷம். உள்ளுக்குள் அதைக் குலைத்தவரே அவர்தான். சாயம் ஓடும்படி மேஸ்திரி கொரந்தேன் மெனெஸுக்கு ரகசிய உத்தரவு கொடுத்தது அவர். அறைந்தது நாடகம். மேஸ்திரி வீரத்தோடு உயிர்விட்டார். முதலாளி மனப்பாரத்தோடு உயிர்வாழ்கிறார். சாய அறைச் சுவரில் கொரந்தேனுக்குச் சலவைக்கல் பதிக்கப்போகிறார்.

செத்தவன் மறுத்துப் பேசமாட்டான். கணக்குச் சரியாகத்தான் போட்டிருந்தார்கள்.

1945 நவம்பரில் பதக்க மனுவை விசாரிக்கிற குழு ஆலைக்கே வருகிறது, கேன்டீனில் தொழிலாளர்களைக் கேட்கப்போகிறது என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தின சனிக்கிழமை காலை ரொட்டிக்கடை வரிசையில் லெயோந்தினைப் பிடித்தேன்.

“வா நோட்டீஸு” என்றாள். என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். என் பெயர் மர்சோ என்பது அவளுக்கு எப்போதாவதுதான் நினைவு வரும்.

“செவ்வாய்க்கிழம நீ பேசணும்.”

“எதுக்கு? உனக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?”

“கொப்பர முன்னால நின்னது நீ. நான் இல்ல.”

வரிசை நகர்ந்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: “ரெமி மலையில இருக்கான்.”

எனக்குத் தெரியும். பையனுக்குப் பதின்மூன்று வயது. பசிக் குளிர்காலத்துக்குப் பிறகு இருமல் நிற்கவில்லை. படம் எடுத்துப் பார்த்ததில் நெஞ்சில் நிழல். காசநோய்க்கு அப்போது மருந்து கிடையாது. மலைக்காற்று, பால், வெண்ணெய், படுக்கை. மொர்சாங் இல்லத்தில் ஏப்ரலிலிருந்து இருந்தான். அடுத்த வசந்தம்வரை அசையக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் கீழே கொண்டுவந்தால் தான் பொறுப்பில்லை என்றும் சொல்லியிருந்தார்.

“வக்கீல் நேத்து வந்தாரு” என்றாள். “வேலை செய்ற எடத்துக்கே வந்தாரு. தொப்பியக் கழட்டினாரு. ‘மதாம் வாசேர், உங்க மகன் நல்லா சதைபிடிச்சிருக்கானாம், மலையிலேர்ந்து சொன்னாங்க. முதலாளி அடிக்கடி விசாரிக்கிறாரு’ அப்டின்னாரு. அவ்வளவுதான். திரும்பித் தொப்பியப் போட்டுக்கிட்டுப் போயிட்டாரு.”

“மெரட்டறான்.”

“சீ, அப்படியா? நான் கல்யாணம் பேச வந்தார்னு நெனச்சேன்.” முறைத்தாள். “உனக்குப் பேசறது சுலபம் மர்சோ. பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல, பூனகூட ஓடிப்போச்சு. மத்த பொம்பளைங்க என்ன சொல்றாங்க தெரியுமா? ‘விடுடி, கொரந்தேனுக்குக் கல்லு வெக்கிறாங்க இல்ல, அவன் பேர் நிக்கும், நமக்குச் சூப்பு வரும், யாருக்கு என்ன நஷ்டம்’னு சொல்றாங்க. அதுலயும் நியாயம் இருக்கு.”

“நீ என்ன சொல்ற?”

“ரொட்டி வாங்க வந்தேன்னு சொல்றேன்” என்றாள்.

செவ்வாய்க்கிழமை. கேன்டீனில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். குழு மூன்று பேர், தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி, குளிருக்குக் கம்பளிச் சால்வை. ஒரு பக்கம் மொர்சாங், கறுப்புக் கோட்டு, துக்க வீட்டு முகம். பக்கத்தில் வக்கீல். சங்கத்தின் சார்பில் நான் பின்னால். பெண்கள் வெள்ளைத் தொப்பியோடு நெருக்கியடித்து நின்றார்கள்.

வக்கீல் அழகாகப் பேசினார். மொர்சாங் இடையில் கண்ணைத் துடைத்தான். “கொரந்தேனும் நானும் மட்டும் அறிஞ்ச ரகசியம் அது” என்றான். “அவன அறைஞ்ச இந்தக் கை இன்னிக்கும் எனக்கு வலிக்குது.”

ஃபெர்னாந்த் என் காதில், “கை வலிக்குதாம்ல. அடுப்புல வெச்சு ஒத்தடம் கொடுக்கலாமா?” என்றாள். ஆனால் அவளும் வாயைத் திறந்து வெளியே சொல்லவில்லை.

தலைவர் கேட்டார்: “சாய அறையைச் சேர்ந்தவங்க யாராவது இதுக்கு மாறாகச் சொல்ல இருக்கா?”

யாரும் அசையவில்லை. பின்னால் சமையல்காரி சூப் பானையை நகர்த்துகிற சத்தம் மட்டும். வக்கீல் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். நான் வாயைத் திறக்கப் போனேன்.

“இருக்கு” என்றாள் லெயோந்தின்.

முன்னால் வந்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஏப்ரனுக்குள் சுருட்டிக்கொண்டாள்.

“கொரந்தேனுக்கு யாரும் உத்தரவு போடல ஐயா. கொரந்தேன் எங்களுக்கும் போடல. உப்பு போடாம விட்டது நான். முதல்ல நான். அப்புறம் மத்தவங்க.”

வக்கீல் சிரித்தார். நல்ல பல். “மதாம், உங்க துணிச்சல மதிக்கிறேன். ஒரு கேள்வி. அந்த உப்பு எங்க போச்சு?”

பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

“எங்க வீட்டுக்குப் போச்சு” என்றாள்.

“வீட்டுக்கு! அப்போ இது எதிர்ப்புப் போராட்டம் இல்ல. திருட்டு. வேலையில இருக்கிற ஒரு ஆலைத் தொழிலாளி ஆலைச் சொத்தத் திருடியிருக்கா. அப்படித்தானே?”

மொர்சாங் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“ஆமா ஐயா, திருடினோம்” என்றாள். “முட்டைக்கோஸ் ஊறப்போட உப்பு வேணும். அவனுங்க சட்டை ஊர் முன்னால ஓடணும். ரெண்டும் வேணும்னு நெனச்சேன். ரெண்டும் நடந்துச்சு. பசிச்ச வயித்தோட செஞ்சா அது எதிர்ப்பு இல்லன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? சாப்ட்டுட்டு வந்து செய்யணுமா? அப்படின்னா பிரான்ஸ்ல முதலாளிங்க மட்டும்தான் எதிர்த்திருக்க முடியும்.”

கேன்டீனில் ஒரு சிரிப்பு ஓடியது. தலைவர் சால்வையைச் சரிசெய்தார்.

“இவரு சூப்பு கொடுத்தாரு” என்று மொர்சாங்கைக் காட்டினாள். “என் புள்ள குடிச்சான். நல்ல சூப்பு. அத நான் இல்லன்னு சொல்லல. இன்னிக்கும் என் புள்ள இவரோட மலை இல்லத்துலதான் இருக்கான். நான் பேசினா அவன் அங்க இருப்பானான்னு எனக்குத் தெரியாது. ஐயாவுக்குத் தெரியும், வக்கீலுக்கும் தெரியும். ஆனா சூப்பு கொடுத்தவரு சூப்பு கொடுத்தவரா இருக்கட்டும். கத்திரிக்காய்ப் படைக்குச் சட்டை கொடுத்தவரும் அவருதான். கொரந்தேன அறைஞ்சு அவனுங்ககிட்டக் கொடுத்தவரும் அவருதான். நான் முன்னால ஒரு அடி வெச்சேன். கொரந்தேன் என்னை முந்திக்கிட்டான். அது அவனோட அடி. அத எடுத்து இவரு கோட்டுல குத்திக்கப் பாக்குறாரு. நான் விடமாட்டேன்.”

முடித்துவிட்டாள். திரும்பி வருகிறபோது கால் ஒரு பெஞ்சில் இடித்தது. ஃபெர்னாந்த் அவளைத் தாங்கிப் பிடித்தாள், பிடித்தபடியே தலைவரைப் பார்த்துக் கத்தினாள்:

“எங்க வீட்டுக்கு ரெண்டு பீப்பா ஐயா! எழுதிக்குங்க! நல்லா புளிச்சுது!”

அதற்கப்புறம் சாய அறையின் மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தியாக. “நான் காலுறையில.” “நான் தலைத்தொப்பியில.” “என் டப்பாவத் தூக்கிப் பாத்துட்டு மேஸ்திரி கண்ணடிச்சான் ஐயா.” வேதியியலாளர்கூட எழுந்து, தனக்கு அப்படி எந்த உத்தரவும் தெரியாது என்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தார். மொர்சாங்கின் துக்க முகம் பழைய திங்கட்கிழமை முகமாக மாறியது. அந்த முகத்தைத் தலைவரும் பார்த்தார்.

பதக்கம் போயிற்று. மனுவே திரும்பப் பெறப்பட்டது. சலவைக்கல்லும் வரவில்லை, அடுத்த மே மாதம் நாங்களே ஒன்று பதித்தோம், ஆலைச் சுவருக்கு வெளியே, தெரு பக்கம். அதில் கொரந்தேன் பெயர் மட்டும்.

ஆனால் அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் லெயோந்தினை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மலை இல்லத்தில் படுக்கைகளை ‘மறுசீரமைப்பு’ செய்கிறார்களாம். ரெமி திங்கட்கிழமை ரயிலில் அனுப்பப்படுவான், நிலையத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு போகலாம். வக்கீல் இல்லை, தொப்பியைக் கழற்ற யாரும் இல்லை. ஒரு குமாஸ்தா, அவ்வளவுதான். அவனும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் சாய அறைக்குத் திரும்பி வந்து கொப்பரை முன்னால் நின்றாள். அழவில்லை. துடுப்பைக் கையில் எடுத்தாள், கிளறவில்லை.

“என்னடி?” என்றாள் ஃபெர்னாந்த்.

“ரெமிய அனுப்பறாங்க.”

ஃபெர்னாந்த் நீராவிக் குழாயை மூடினாள். அடுத்தவள் மூடினாள். அந்த அறை அமைதியானதும் பக்கத்தில் சாய ட்யூப் நிரப்பும் அறையில் கேட்டார்கள், என்ன சத்தமே இல்லையே என்று. செய்தி பவுடர் மாடிக்கு ஏறியது, பெட்டி கட்டும் கொட்டகைக்கு இறங்கியது. ஆலையில் இருநூற்றுக்கு மேல் பெண்கள். பாதிப் பேருக்கு லெயோந்தின் யாரென்றே தெரியாது. மலையில் இருக்கிற பிள்ளை யார் பிள்ளையாகவும் இருக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது முற்றம் நிறைந்திருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் சங்கத் தலைமையின் நிலைப்பாடு வேறு: நாட்டைக் கட்ட வேண்டும், உற்பத்திதான் முதல், வேலைநிறுத்தம் கூடாது. அதைச் சொல்ல வேண்டியது என் கடமை, சொன்னேன்.

“தோழர்களே, தலைமைகிட்ட அனுமதி...”

“ஏ நோட்டீஸு” என்றாள் ஃபெர்னாந்த், முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி. “உப்பு எடுத்தப்ப உன்கிட்ட அனுமதி கேட்டமா?”

சிரிப்பு அலை. நான் தொப்பியைக் கழற்றிவிட்டு அவர்களோடு போய் நின்றேன். வேறென்ன செய்வது?

மேலே ஜன்னலில் திரை இரண்டு முறை அசைந்தது. ஒலிபெருக்கி ஒரு முறை கரகரத்தது, கீழிருந்து ஒரே குரலில் “ரெமி! ரெமி!” என்று எழுந்ததும் அடங்கிவிட்டது. குளிர் கடுமை. பெண்கள் கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு நின்றார்கள். லெயோந்தின் நடுவில், யாரோ போர்த்திய ஒரு கோட்டுக்குள். காலை மாற்றி மாற்றி நின்றாள், அவ்வளவுதான்.

நான்கு மணிக்கு அதே குமாஸ்தா படியில் இறங்கி வந்தான். இந்த முறை அவள் முகத்தைப் பார்த்தான். மலைக்குத் தொலைபேசி போய்விட்டது, பையன் வசந்தம்வரை அங்கேயே இருப்பான், அதற்கப்புறமும் டாக்டர் சொல்கிறவரை இருப்பான் என்றான்.

“இன்னொரு தடவ சொல்லு” என்றாள் லெயோந்தின். “சத்தமா. பவுடர்காரிங்களுக்குக் கேக்கல.”

சொன்னான்.

ரெமிக்கு இப்போது முப்பத்து நான்கு வயது. அப்பா செத்த அதே யார்டில் சிக்னல்காரன், கால்வாய்க்கரையில் வீடு, அம்மாவைவிட ஒரு தலை உயரம். அந்த வெள்ளிக்கிழமை மதியம் முற்றத்துக்கு இறங்காமல் மொர்சாங் ஆலையில் வேலை பார்த்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர்.